வேரில்லாத சவுக்கு

புயல் அடித்த மறுவருடம், கோட்டுச்சேரிமேட்டுக் கடற்கரையோரம் சவுக்கு வளர்க்க எங்கள் மாதர் சங்கத்துக்கு அரசு மானியம் கிடைத்தது. நான்தான் செயலாளர். பணம் பங்குனியில் வந்தது. ஐப்பசி மழைவரை பொறுக்காமல் அப்போதே கன்றுகளை நடவைத்தேன். கோடையில் பாதிக்கு மேல் பட்டுப்போயின.

அடுத்த தவணைக்கு முன் அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பயந்துபோய், ஒரு தோப்பிலிருந்து சவுக்குக் கிளைகளை வெட்டிவந்து, பட்ட கன்றுகளைப் பிடுங்கிய குழிகளில் ஊன்றிவைத்தேன். அதிகாரி ஜீப்பில் இருந்தபடியே பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்.

சில நாள் கழித்து நான் அங்கே போனபோது, மீன் விற்கும் செல்லம்மா தன் வீட்டுக்குச் சுமந்துவந்த குடிதண்ணீரை அந்தக் கிளைகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"புதுக் கன்னெல்லாம் வாடுதுக்கா. நீங்க நட்டதாச்சே, பாத்துக்கிட்டு சும்மா இருக்க மனசு வரல" என்றாள்.

"போதும் செல்லம்மா, விடு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

இப்போது மழைக்காலத்தில்தான் நடுகிறோம். பார்வையிட யார் வந்தாலும், பட்டுப்போன கன்றுகளிடம்தான் முதலில் அழைத்துப்போகிறேன். செல்லம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. இது அச்சில் வந்தால் நானே அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.