இத்தாலியப் பிரதமர்களும் எங்கள் சங்கத்துச் சாவியும்

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீலப் பேனாவால் கட்டம் போட்டு எழுதிய பட்டியல் அது. இடப்பக்கம் இத்தாலி நாட்டுப் பிரதமர்களின் பெயர்கள். வலப்பக்கம் ஒவ்வொருவரும் எத்தனை நாள் தாக்குப்பிடித்தார் என்ற விவரம். கடல் தாண்டிய இந்த ஊரில், பபேடான் பேட்டைச் சந்தொன்றில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் மாடி அறையில், ஒழுகும் கூரைக்குக் கீழே, அதை ஆணியடித்து மாட்டியிருந்தார் காரியதரிசி அண்ணன். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. நாள் முழுக்கத் துணிக்கடையில் நின்றுவிட்டு, கால் கடுக்க மாடியேறி, கூட்டக் குறிப்பு எழுத வந்திருக்கிறேன். இந்த மனுஷனுக்கு வேறு வேலையே இல்லையா என்று தோன்றியது.

அவருக்கு வேலை போட்டாதாங் துறைமுகத்தில், சரக்குக் கப்பல் ஏஜென்ட் ஒருவரிடம். படகு வரும்வரை படிக்க, நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த சரித்திரப் புத்தகம் ஒன்றை வாங்கியிருக்கிறார். உள்ளே ராஜா காலத்து இத்தாலி. ராஜா அப்படியே உட்கார்ந்திருப்பார், கீழே பிரதமர்கள்தான் மாறிக்கொண்டே இருப்பார்கள். சட்டசபையில் ஒரு கோஷ்டி முகத்தைத் திருப்பிக்கொண்டால் அரசு கவிழ்ந்துவிடும். சில வாரங்களிலேயே போனவர்கள் உண்டு. போனவரே இரண்டு வருஷம் கழித்து, ஒன்றுமே நடக்காததுபோல் திரும்பி வருவதும் உண்டு. “பாரு தங்கச்சி, இந்த ஆளு எத்தன வாட்டி வந்துருக்கான் பாரு! அப்பிடியே நம்ம மளிகைக்கட மாமா!” என்று தொடையைத் தட்டிக்கொண்டு சிரிப்பார்.

மளிகைக்கடை மாமா எங்கள் சங்கத்துக்கு நாலு தடவை தலைவராக இருந்தவர். நாலு தடவையும் கோபித்துக்கொண்டு போனவர். எங்களிடம் ராஜினாமாக் கடிதம் என்ற வழக்கமே கிடையாது. தலைவருக்கு மனசு நொந்தால் சங்கத்தின் கீழ்க் கூடத்துச் சாவியை எடுத்து மேசைமேல் டக்கென்று வைப்பார், வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் நாங்கள் வெற்றிலை பாக்கும் வாழைப்பழமும் தட்டில் வைத்து, சாவியையும் அதன்மேல் வைத்து எடுத்துக்கொண்டு போவோம். வாங்கிக்கொண்டால் அதே தலைவர், இல்லாவிட்டால் வேறு ஆள். திருவிழாவில் யாருக்கு முதல் மாலை என்பதற்காக ஒரு தலைவர் பதினோரு நாளில் சாவியை வைத்தார். இன்னொருவர், தமக்கு ஆறிய டீ வந்ததென்று வைத்தார். காரியதரிசி அண்ணன் இவர்களையும் அந்தக் காலண்டர் தாளில் இத்தாலிக்காரர்களுக்குக் கீழே சேர்த்துக்கொண்டே வந்தார்.

எனக்கோ உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். உட்கார முடியாது, எழுந்து போகவும் முடியாது. பேனா மூடியைக் கடித்துக் கடித்தே பாதியாக்கினேன். ஒவ்வொரு மழைக்கும் கூரைத் தண்ணீர் மாடிப்படி வழியாகக் கீழ்க் கூடத்துக்கு இறங்கும். கூரை மாற்றத் தீர்மானம் போட்டால், தகரம் வாங்குவதற்குள் தலைவர் போய்விடுவார். அடுத்தவர் முதலிலிருந்து பேசுவார். அந்தக் கூடம்தான் எங்கள் ஜனத்துக்கு எல்லாமே. யார் வீட்டுக் கல்யாணமானாலும், காரியமானாலும், கேட்டால் திறந்துவிடுவோம். காரியதரிசி அண்ணனும் தன் ஒரே மகளின் கல்யாணத்தைத் தை மாதத்தில் அங்கேதான் வைப்பதாக இருந்தார். அவர் கல்யாணமே அங்கேதான் நடந்தது. அவருடைய அப்பா கல்யாணமும் அங்கேதான்.

அப்போதுதான் துணி மொத்த வியாபாரி ஒருவர் வந்தார். சத்தம் போடாத மனுஷர். கூரையை நானே போட்டுத் தருகிறேன், ஆனால் வேலை முடிகிறவரை தேர்தல் கீர்தல் வேண்டாம், ஒரே தலைவராக என்னை விடுங்கள் என்றார். எல்லோர் முகத்திலும் அப்பாடா என்றொரு நிம்மதி. காரியதரிசி அண்ணன் மட்டும் எழுந்து நின்றார்.

“இத்தாலிக்காரனும் இப்பிடித்தாங்க அலுத்துப்போனான். கறுப்புச் சட்டை போட்டவன் ஒருத்தன் கூட்டத்தோட தலைநகரப் பிடிக்க வாரான், தடுக்கிறதுக்கு உத்தரவு எழுதி மந்திரிங்க நீட்டுறாங்க, ராஜா கையெழுத்துப் போட மாட்டேங்கிறாரு. அவனையே கூப்பிட்டுப் பிரதமராக்குறாரு. அப்பறம் சட்டசபையே கையத் தூக்கி அதிகாரத்தக் குடுத்துச்சு. இருவது வருஷம் எறங்கல அவன். சண்ட போட்டுக்கிட்டே இருந்தோம்ல, அது வரைக்கும் நம்ம நல்லா இருந்தோம்.”

“அண்ணே, இது கூரைண்ணே, இத்தாலி இல்ல” என்றேன் நான். அறையே சிரித்தது. சொன்னது நான்தான். முதலில் கையைத் தூக்கியதும் நான்தான். அண்ணனைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள். குறிப்பேட்டில் ஏகமனதாக என்று எழுதினேன். “ஒருத்தன் ஒக்காந்திருக்கேனே தங்கச்சி” என்றார் அவர். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் நான் அதைத் திருத்தவில்லை.

கூரை வந்தது. பொய் சொல்லக் கூடாது, நல்ல கூரை, இன்றுவரை ஒரு சொட்டு இறங்கவில்லை. கூரையோடு புதுப் பூட்டும் வந்தது. அடுத்த மாதமே கூடத்துக்குள் துணிப் பொதிகள் ஏறின. வேலை இன்னும் முடியவில்லை, சுவர் பாக்கி, தரை பாக்கி என்றார் புதுத் தலைவர். எங்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தலைவரை இறக்க அதில் ஒரு வரி இல்லை. எழுதத் தேவையே வந்ததில்லை, அவர்களாகவே கோபித்துக்கொண்டு இறங்கிவிடுவார்களே! கோபமே வராத ஒரு மனுஷரை என்ன செய்வதென்று எங்கள் பெரியவர்கள் யோசிக்கவில்லை.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நானும் அண்ணனும் தலைவர் வீட்டுக்குப் போனோம். கல்யாணப் பத்திரிகையில் கூடத்தின் விலாசம் அச்சாகியிருந்தது. “ஒரே ஒரு நாளுங்க. பொதிய நானே எறக்கி, நானே ஏத்தித் தாரேன்” என்றார் அண்ணன். அந்த மனிதர் எங்களுக்கு டீ கொடுத்தார். சூடான டீ. “வேலை முடியட்டும் அண்ணே, பாக்கலாம்” என்று சிரித்தார். நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நான் வேலை செய்யும் கடைக்குத் துணி அவரிடமிருந்துதான் வருகிறது. டீயை மட்டும் குடித்தேன். நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தாமுவேயில் அண்ணன் வீட்டு வாசலில், தெருவை மறித்துப் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. பழைய விலாசத்துக்குப் போனவர்கள் பூட்டைப் பார்த்துவிட்டு, முகூர்த்தம் முடிந்தபிறகு வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார்கள். அண்ணன் யாரிடமும் குறை சொல்லவில்லை. மணமேடைக்கும் பந்தல் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் “சாப்புட்டியா?” என்றார். அவ்வளவுதான். அடுத்த வருஷம் மகளோடு மலேசியாவுக்குப் போய்விட்டார்.

நான் இன்னும் குறிப்பு எழுதுகிறேன். விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நினைக்கிறேன், விடவில்லை. ஆண்டுக் கூட்டம் இப்போது அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. வேலை இன்னும் முடியவில்லை என்று தலைவர் சொல்வார், நாங்கள் கையைத் தூக்குவோம். வேகமாக முடியவில்லையே என்று ஒரு காலத்தில் துடித்தவள், இப்போது வீட்டுக்கு வந்து இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன்.

போன மாதக் கூட்டம் முடிந்த மறுநாள் அண்ணனிடமிருந்து போன் வந்தது. குரல் தளர்ந்திருந்தது.

“கூட்டம் நடந்துச்சா தங்கச்சி?”

“நடந்துச்சுண்ணே.”

“யாராச்சும் சண்ட போட்டாங்களா?”

“இல்லண்ணே. அமைதியா முடிஞ்சிருச்சு.”

 

“ஒருத்தர்கூடவா?” என்று கேட்டார்.