எஞ்சினியர் இராசநாயகத்தின் பச்சைச் சரிவு

வானொலியின் மரண அறிவித்தலில் அவர் பெயர் வந்தபோது, பாலையூற்று வீட்டில் நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். ‘ஓய்வுபெற்ற பொறியியலாளர் இராசநாயகம் கொழும்பில் காலமானார்’ என்றது. மறு கன்னத்தையும் ஆறுதலாக வழித்து முடித்தேன். பின்னேரம் பழைய கந்தோர் நண்பர்கள் இருவர் வந்து, முப்பத்தோராம் நாள் அச்சடிக்கும் கல்வெட்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள். “அவருக்குக் கீழ ஓவசியராய்க் கனகாலம் இருந்தனீங்கள். நல்லதாய் நாலு வரி எழுதுங்கோ” என்றார்கள். ஓம், இருந்தேன். நல்ல வரிகளை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் கண்டதை எழுதுகிறேன்.

துறைமுகத்துக்கு இறங்கும் வீதியை அகலமாக்க ஒரு குன்றின் பக்கத்தை வெட்டியிருந்தோம். செம்மண் சரிவு வெறுமையாக நின்றது. அதன் அடியில் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர்களின் ஓலை வீடுகள். அந்த நேரத்தில்தான் இராசநாயகம் வெளிநாட்டுப் பயிற்சி முடித்துத் திரும்பி வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு இயந்திரமும் வந்தது. பெரிய தாங்கி, பம்பு, தடித்த குழாய். புல் விதை, காகிதக் கூழ், பசளை, பசை எல்லாவற்றையும் தண்ணீரில் கஞ்சிபோலக் கலக்கிச் சரிவில் பீய்ச்ச வேண்டும். கூழ் ஈரத்தைப் பிடிக்கும், விதை வேர்விடும், வேர் மண்ணைப் பிடிக்கும். எந்த இடம் அடித்தாயிற்று என்று தெரிவதற்காகக் கலவையில் பச்சைச் சாயமும் சேர்ப்பார்கள். முறையில் இன்றும் நான் குறை சொல்லமாட்டேன். குறை அதைக் கொண்டுவந்த மனிதரில்.

ஆவணி மாதம். கச்சான் காற்று தீயாக வீசியது. வீதியைத் திறக்க அமைச்சர் வருவதாக இருந்தது. எங்கள் தொழிலாளர் தலைவர், கிண்ணியாவைச் சேர்ந்த காசிம், இராசநாயகத்திடம் மரியாதையாகச் சொன்னார்: “சேர், இப்ப அடிச்சா வெயில்ல கருகிப் போகும். ஐப்பசி முதல் மழையோட அடிப்பம். மேல தண்ணி வழிய ஒரு கானும் வெட்டணும்.”

“அமைச்சர் ஐப்பசியிலயோ வாறார்? கண்ணுக்குப் பச்சை தெரிஞ்சாக் காணும்” என்றார் இராசநாயகம்.

அடித்தோம். ஒரு புல்கூட முளைக்காத பச்சையைப் பார்த்து அமைச்சர் வியந்து அவரோடு கைகுலுக்கினார். அடுத்த நாளிலிருந்து சரிவுக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர் பவுசர் வண்டி அவருடைய குவாட்டர்சின் ரோசாச் செடிகளுக்குப் போனது. இரண்டு கிழமையில் சரிவின் கூழ் காய்ந்து, அப்பளம்போல உடைந்து, காற்றில் பறந்தது.

சரிவுக்கு நேர் கீழே இருந்த பாக்கியம் கந்தோருக்கு வந்தார். துறைமுகத்தில் மூட்டை சரிந்து இடுப்பு முறிந்த கணவர் அவருக்கு. “ஐயா, மழை துவங்கினா மண் எங்கட தலையிலதான் விழும். இவரைத் தூக்கிக்கொண்டு ஓட எனக்கு ஏலாது” என்றார். உள்ளே அழைத்துப் போனேன். இராசநாயகம் கதிரையைக் காட்டவில்லை. “அது வெளிநாட்டு முறை. உமக்கு விளங்காது” என்றார். பாக்கியம் வெளியேறியதும் என்னைப் பார்த்து, “ஏன் காணும் இதுகளை உள்ளுக்கு விடுறீர்?” என்றார்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை, யாரும் சொல்லாமலே காசிம் மண்வெட்டியோடு மேலே ஏறிக் கான் வெட்டிக்கொண்டிருந்தார். காலடியில் மண் வெடிப்பதைக் கண்டதும் கீழே ஓடி, ஓலைச் சுவரைப் பிய்த்து, பாக்கியத்தின் கணவரைப் பாயோடு வெளியே இழுத்தார். பாக்கியம் கிணற்றடியிலிருந்து குடத்தோடு திரும்பியபோது குசினி இருந்த இடத்தில் செஞ்சேறுதான் நின்றது.

இராசநாயகம் குடைபிடித்து வந்தார். அவர் கேட்ட முதற் கேள்வி: “பேப்பர்காரர் ஆரும் வந்தவையோ?”

சரிவின் கீழ் இருந்தவர்கள் ஆடு மேய்த்துப் புல்லை அழித்துவிட்டார்கள் என்று அறிக்கை எழுதினார். “அறிக்கையில இல்லாதது நடக்காதது காணும்” என்று பேனாவை நீட்டினார். நான் கையெழுத்து வைத்தேன். என் இகழ்ச்சி அவரோடு நின்றுவிடவில்லை, எனக்கும் அதில் பங்கு உண்டு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நிவாரணம் கிடைக்காத பாக்கியம், கணவரோடு கிளிவெட்டியில் தங்கை வீட்டுக்குப் போக முன் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “ஐயா, எங்களிட்ட ஆடு இருந்ததோ?”

இராசநாயகம் பதவி உயர்வோடு கொழும்பு போனார். அடுத்த ஐப்பசியில் நானும் காசிமும் அதே இயந்திரத்தை வெளியே எடுத்தோம். மேலே கான் வெட்டி, சரிவைக் குறுக்காகக் கீறி, முதல் மழையோடு அடித்து, கந்தளாயிலிருந்து கொண்டுவந்த வைக்கோலைப் பரப்பினோம். புல் பிடித்தது. பிறகு எந்த மாரியிலும் மண் அசையவில்லை. இராசநாயகம் ஓய்வுபெற்றபோது, எங்கள் கந்தோரில் வைத்த பிரியாவிடை மேடையில் அந்தப் புல்லைத் தன் சாதனை என்று பேசினார். நான் மறுத்துச் சொல்ல எழும்பப் பார்த்தேன். பக்கத்திலிருந்த காசிம் என் கையைப் பிடித்தார். “விடுங்க ஐயா. ஆர் பேரச் சொன்னா என்ன, மண் நிக்குதுதானே” என்றார்.

அஞ்சலி என்றால், போனவரிடமிருந்து தனக்கு எது மிஞ்சியது என்று சொல்லவேண்டும். எனக்கு ஒரு பழக்கம் மிஞ்சியது. எங்காவது வெட்டிய சரிவில் புதுப் பசுமையைக் கண்டால், வேட்டியை மடித்துக்கொண்டு ஏறி ஒரு பிடி புல்லை இழுத்துப் பார்க்கிறேன். கையோடு வந்துவிட்டால், இறங்கிப் போய்க் கீழேயுள்ள வீட்டுக் கதவைத் தட்டி, மழைக்கு முன் வெளியேறச் சொல்கிறேன்.

அன்று அதை நான் செய்யவில்லை.