பதினோராவது துண்டு

அன்றைக்கு மேஜையைச் சுற்றி நின்றவர்கள் ஐந்து பேர்: முதலாளி, சூப்பர்வைசர் அண்ணன், துணி வெட்டும் அண்ணாச்சி, மதினி, நான். முதலாளியின் கையில் ஆபரேஷனில் ரத்தம் ஒற்ற உள்ளே வைக்கும் காஸ் துணிப் பொட்டலம் ஒன்று, பிரித்தபடி இருந்தது. உறையில் பத்து துண்டு என்று அச்சிட்டிருக்க, உள்ளே பதினொன்று. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்திருந்தது. உறையின் மேல் எங்கள் மேஜை எண்.

அந்த மேஜையில் மடித்தது மதினியும் நானும் மட்டும்தான். இராஜபாளையத்தில் அந்த பேண்டேஜ் கம்பெனியில் நான் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான்; இந்த வேலையும் போனால் என்ன செய்வது என்ற பயம் கூடவே வரும். பொட்டலத்தை மூடுமுன் இரண்டு தரம் எண்ணுவேன், மூடிய பிறகு சந்தேகம் வந்து பிரிப்பேன். மதினி ஐந்து பெட்டி முடிக்கையில் நான் மூன்றில் நிற்பேன். "அடுத்த மாசமும் இப்படியேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்" என்று முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மதினி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருபவர். எனக்கு உறவில்லை, கம்பெனியே அவரை மதினி என்றுதான் கூப்பிட்டது. பஸ்ஸில் பார்த்த சண்டையை இரண்டு குரலிலும் நடித்துக்கொண்டே மடிப்பார். அவருடைய அண்ணன் பால்கோவாக் கடையில், தட்டு தாழ்ந்த பிறகும் ஒரு விள்ளல் கொசுறு வைத்துத்தான் கட்டுவார்களாம். மதினிக்கும் அதே கை. எண்ணிக்கை தவறியதுபோல் தோன்றினால் திரும்ப எண்ண மாட்டார். ஒரு துண்டைக் கூடப் போட்டு மூடிவிடுவார். நான் பார்த்திருக்கிறேன். சொல்லத்தான் வாய் வந்ததில்லை.

"யாரு போட்டது?" என்றார் முதலாளி. யார் தப்புச் செய்தாலும் நான் செய்ததாகவே எனக்குத் தோன்றும். "நானாத்தான் இருக்கும்" என்றேன்.

மதினி சிரித்துவிட்டார். "ஏட்டி, நீ எண்ணுற எண்ணுல துணியே நூலாப் போயிரும். நீயா கூடப் போடுவ? நான்தான் போட்டேன் மொதலாளி. கொறைஞ்சாத்தான தப்பு? ஒன்னு கூடப் போனா என்ன?"

எப்படியோ என் வாய் திறந்துகொண்டது. "ஆபரேஷன் பண்றவுக உறையப் பாத்துப் பத்துன்னு நெனச்சிருப்பாக மதினி. முடிக்கையில பத்தும் வெளிய வந்திருச்சுன்னு வயித்தத் தைச்சிருவாக. மிச்சம் ஒன்னு உள்ளேயே கெடக்கும்ல?" வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்குக் கனவில் வந்தது அதுதான்.

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த முகத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. வெளியே போன பெட்டிகளுக்காக முதலாளி ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் போன் செய்தார். குடோனில் கிடந்ததை மதினியும் நானும் இரண்டு நாள் பிரித்து எண்ணினோம். இன்னும் நான்கு பொட்டலம் அகப்பட்டது.

இரண்டு பேரையும் நிறுத்துவதாகத்தான் இருந்தார் முதலாளி. சூப்பர்வைசர் அண்ணன் குறுக்கே வந்தார். "இவளுக்கு வேகம் வராது, அவியளுக்குச் சந்தேகம் வராது. அவிய மடிக்கட்டும், இவ எண்ணி மூடட்டும். கொஞ்ச நாள் பாப்போம்." பார்த்தார்கள். அந்த மேஜை அப்படியே ஒன்பது வருடம் ஓடியது.

குடோனில் எண்ணி முடித்த அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "ஏன் மதினி ஒத்துக்கிட்டிய? நீங்க தப்பிச்சிருக்கலாம்ல?"

"மொதலாளி ஏசுனது எனக்கு பஸ் ஏறுற வரைக்கும்தான். நீ வருசம் பூரா சொமந்துக்கிட்டுத் திரிவ."

அந்த ஒன்பது வருடத்துக்குப் பிறகு மூட்டுவலி வந்து மதினி வேலையை விட்டு நின்றுவிட்டார். போன மாதம் மதுரையிலிருந்து ஒருவர் கம்பெனிக்கு வந்து, மனிதரின் குணம் எத்தனை வகை, எந்தக் குணத்துக்கு எந்த வேலை என்று படம் போட்டு விளக்கினார். கவலைப்படுகிறவர் என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன். எதிரே புதிதாக வந்திருக்கும் பெண்ணும் எட்டிப் பார்த்து அதிலேயே போட்டாள். நாங்கள் இருவரும் மாறி மாறி எண்ணுகிறோம். ஒரு துண்டு கூடுவதில்லை, குறைவதில்லை. கடைசிப் பெட்டியை மட்டும் மூட மனம் வருவதில்லை. அப்போது மதினிக்குப் போன் போடுவேன்.

"எத்தன தரம் எண்ணுன?"

"மூணு தரம், மதினி."

"பொறவு என்னட்டி? மூடு."

மூடிவிடுவேன்.