ராசக்காவின் ட்ரெயிலரில் பிழையில்லை

மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்தபோது ராசக்கா இறந்த செய்தி கைத்தொலைபேசியில் வந்தது. புவாண்ட்-கிளேரில் நாங்கள் இருவரும் வேலை செய்த களஞ்சியத்தின் வட்ஸ்அப் குழுவில் யாரோ அவருடைய படத்தைப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே கூப்பிய கைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. அவற்றில் பல, அவர் நோயில் கிடந்த மாதங்களில் ஒருநாளும் அவர் வீட்டுக் கதவைத் தட்டாத கைகள்.

இதை வாசிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். "நல்ல மனுசிதான், ஆனால் தன்ர பழைய ட்ரெயிலரால ஒரு குடும்பத்தையே கொல்லப் பாத்தவ" என்ற கதையும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அந்தக் கதைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படுக்கையும் அடுப்பும் வைத்த, வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் அந்தச் சின்ன வீட்டை வாங்கியவர் அவருடைய கணவர். ஓரிரு கோடைகள்தான் இருவரும் அதில் பயணம் போனார்கள். பிறகு அவரைப் பாரிசவாதம் விழுத்திவிட்டது. ராசக்கா வேலைக்கும் வந்து, வீட்டில் அவரையும் பார்த்தார். லொங்குய்யில் அவர்களுடைய வீட்டுப் பக்கச் சுவரோரம் ட்ரெயிலர் தார்ப்பாயின் கீழ் வருடக்கணக்காகக் கிடந்தது. கணவர் இறந்த அடுத்த வசந்தத்தில் ராசக்கா தார்ப்பாயைக் கழற்றினார். ஆறு கடலாக விரியும் இடத்துக்கு அதைத் தனியே இழுத்துப் போகப்போவதாகச் சொன்னார்.

"ஏன் அக்கா தனிய?" என்று கேட்டேன்.

"இவ்வளவு காலமும் ஒருத்தருக்குப் பக்கத்தில முழிச்சிருந்திட்டன். என்னை ஒருத்தரும் கூப்பிடாத இடத்தில ஒருக்கா நித்திரை கொள்ள வேணும்."

கணவரின் தம்பி வந்து பார்த்துச் சிரித்தார். "அண்ணி, ரயர் எல்லாம் புதுசு மாதிரிக் கிடக்கு. ஓடவே இல்லையே. காத்தை அடிச்சுப்போட்டு இழுக்கலாம்."

"ஓடாமல் கிடந்ததுதான் பிழை," என்றார் ராசக்கா. தேயாவிட்டாலும் ரப்பர் உள்ளுக்குள் வெடிப்பு விட்டிருக்கும் என்று நாலு ரயரையும் மாற்றினார். கராஜில் கொடுத்துச் சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளுக்குப் புதுக் கிரீஸ் வைப்பித்தார். பிரேக்கைப் பார்க்கச் சொன்னார். எலி கடித்த வயர்களை மாற்றுவித்தார். காஸ் குழாய்க்குள் இருந்த குளவிக்கூட்டை அவரே எடுத்தார். ட்ரெயிலருக்குள் நிலத்தில் ஈரம் ஊறிய இடமெல்லாம் காலால் மிதித்துப் பார்த்தார்.

பிறகு ஒரு ஞாயிறு காலை, கடைகள் திறக்க முன்னர், புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதியின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் ட்ரெயிலரைப் பின்னுக்கு எடுக்கப் பழகினார். வழிகாட்ட நான் நின்றேன். "கண்ணாடியில தெரியிற இடத்தில நில்லும். நான் உம்மைக் காணேல்லையெண்டால் நீர் இல்லை," என்று கத்தினார். அன்று திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் கைவைத்துச் சூடு பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தேநீர் ஊற்றினார். கதவு திறந்திருந்தது. ஆற்றைப் பார்த்தபடி நெடுநேரம் காலை நீட்டி இருந்தார். அவர் அவ்வளவு சும்மா இருந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

எல்லாம் தயாராக இருந்தது. விடுமுறை ஓகஸ்டில்தான் தருவார்கள் என்பதால் காத்திருந்தார்.

ஜூலையில் அந்த மைத்துனர், கணவரின் தம்பி, குடும்பத்தோடு போய்வர ட்ரெயிலரை இரவல் கேட்டார். "நான் வந்து கொழுவித் தாறன், சனிக்கிழமை மட்டும் பொறும்," என்றார் ராசக்கா. "பாரத்தைப் பின்னுக்கு ஏத்தாதையும், வால் ஆட்டும்" என்றும் சொன்னார். மைத்துனர் பொறுக்கவில்லை. ராசக்கா வேலையில் நின்ற வெள்ளிக்கிழமை வந்து, தானே தன் வாகனத்தில் கொழுவி இழுத்துப் போனார். நெடுஞ்சாலையில், ஒரு இறக்கத்தில், ட்ரெயிலர் ஆடத் தொடங்கி வாகனத்தையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தில் சரிந்தது. வாகனத்துக்குள் பிள்ளைகளும் இருந்தார்கள்.

தொலைபேசி வந்தபோது நான் அவருக்குப் பக்கத்தில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். "பிள்ளையளுக்கு ஒண்டுமில்லையோ?" என்றுதான் கேட்டார். ஒருவருக்கும் ஒன்றுமில்லை. மறுமுனையில் மைத்துனர் கத்தியது எனக்கும் கேட்டது: "உங்கட பழசால எங்கட உயிர் போகப் பாத்தது, அண்ணி!"

உடைந்த ட்ரெயிலரை இழுத்து வைத்திருந்த முற்றத்துக்கு நானும் அவரோடு போனேன். தண்ணீர்க் கலன்கள், ஜெனரேற்றர், சைக்கிள்கள் எல்லாவற்றையும் பின்பக்கத்தில் ஏற்றியிருந்தார்கள். முன்பக்கத்தில், பிரேக்குக்கும் விளக்குக்குமாக வாகனத்தில் கொழுவ வேண்டிய வயரின் முனையை மழை படாமல் ராசக்கா பிளாஸ்ரிக் பையால் சுற்றிக் கட்டியிருந்தார். அந்தக் கட்டு அவிழ்க்கப்படவே இல்லை. பிரேக் கொழுவாமலே இழுத்திருக்கிறார்கள்.

ராசக்கா குனிந்து ஒவ்வொரு ரயராக அமத்திப் பார்த்தார். "நாலும் காத்தோடதான் நிக்குது, பாத்தீரோ," என்றார்.

"எல்லாருக்கும் சொல்லுவம் அக்கா."

"விடும். தகப்பன் பிழை செய்தவர் எண்டு அந்தப் பிள்ளையளுக்கு ஏன் தெரிய வேணும்?"

அவர் விட்டார். ஊர் விடவில்லை. கோவிலிலும் கலியாண வீடுகளிலும் அந்தக் கதை அவருக்கு முன்னால் நடந்து போனது. அடுத்த வசந்தத்தில் புற்றுநோய் என்றார்கள். இந்த மாரியில் போய்விட்டார்.

செத்தவீட்டில் மைத்துனர் பேசினார். "அண்ணிக்கு அந்தப் பழைய வண்டியில ஒரு விசர். கடவுள்தான் எங்களைக் காப்பாத்தினவர்." தலைகள் ஆடின. பிள்ளைகளின் தலைகளும் ஆடின. தாங்கள் உயிரோடு இருப்பதற்கு அந்தப் பெட்டிக்குள் கிடந்தவரும் ஒரு காரணம் என்று அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவர் கழற்றி எறிந்த பழைய ரயர்களோடு போயிருந்தால், அந்த வேகத்தில், இன்னும் என்ன நடந்திருக்கும்? விடச் சொன்னது ராசக்காவின் பெருந்தன்மை. எனக்கு அது இல்லை. அதனால் எழுதிவிட்டேன்.

அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு வாக்கியம். ஆஸ்பத்திரியில், யன்னல் பக்கம் திரும்பிப் படுத்தபடி சொன்னார்:

"போறதெண்டால் உடன போயிட வேணும். எல்லாத்தையும் சரியாக்கிப்போட்டுப் பாத்துக்கொண்டிருந்தால், சரியாக்கினதை ஆராவது கொண்டுபோயிடுவினம்."

ஆறுதல் எதுவும் சேர்க்காமல், அவர் சொன்ன கசப்போடேயே அதை வைத்திருக்கிறேன்.