மாமனாரின் ஒரு வரியும் ஒரு ரூபாய் நாணயமும்

தாம்பரத்தில் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. வீட்டில் எது கெட்டாலும் ரயில் மேல் பழி போடலாம். இசைத்தட்டில் முள் எகிறியபோதும் நான் அதைத்தான் செய்தேன்.

என் மாமனார் இளவயதில் சர்ச் பாடகர் குழுவில் இருந்தவர். அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டில் ஒரே ஒரு வரியை அவர் தனியாகப் பாடியிருக்கிறாராம். கல்யாண வீடு, துக்க வீடு பாராமல் அதைச் சொல்லுவார். தட்டு அவரிடம் இருந்ததே தவிர, போட மெஷின் இல்லாததால் பெற்ற மகள்கூடக் கேட்டதில்லை. நான் மெஷின் வாங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்த கையோடு தட்டோடு வந்துவிடுவார். முள் சரியாக அந்த வரியைத் தாண்டித்தான் போய் விழும்.

“மாப்ள, வேணும்னே பண்றீங்களா?”

“டிரெயின் போவுது மாமா, தரை அதிருது.”

“இப்ப எந்த டிரெயினும் போவலியே.”

சமையலறையில் என் மனைவி சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லோரும் செய்வதுபோல் முள் இருக்கும் தண்டின் தலையில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டினேன். முள் இன்னும் உற்சாகமாகத் தாவியது.

கடைசியில் என் மரமண்டைக்கு உறைத்தது. நான் ஆசை ஆசையாக வாங்கிய கார்ட்ரிட்ஜ், அதாவது முள்ளைத் தாங்கும் சின்னப் பெட்டி, நன்றாக வளைந்துகொடுக்கும் ரகம். அதற்கு எடை குறைந்த தண்டு வேண்டும். என்னுடையதோ உலக்கை. போதாக்குறைக்கு நாணயம் வேறு. தட்டு லேசாக நெளிந்திருந்த இடத்தில் எல்லாம் சேர்ந்து ஊஞ்சல் ஆடியிருக்கின்றன. பாவம், ரயில்.

நாணயத்தைப் பிய்த்தேன். திருமுடிவாக்கத்துப் பட்டறை ஒன்றில் மெல்லிய அலுமினியத் தலை செய்து வாங்கி மாட்டினேன். அப்போதும் ‘ஸ்’ என்ற ஓசை வரும் இடமெல்லாம் கடுகு பொரிந்தது. ஹாலைச் சுற்றி ஆம்ப்ளிஃபயருக்குப் போன ஒயரின் வேலை அது. ஒயர் நீள நீளக் கார்ட்ரிட்ஜுக்கு மின்சுமை ஏறும். டி.வி.யை நகர்த்தி, ஆம்ப்ளிஃபயரைப் பக்கத்தில் வைத்து, முழ நீள ஒயர் போட்டேன். அப்பாடா, காது குளிர்ந்தது. சந்தோஷம் தாங்காமல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாலில் ஆடினேன். மனைவி பார்த்துவிட்டாள்.

ஞாயிறு வந்தது. மாமனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்த இடம் நெருங்கும்போதே ஒரு ரயில் வேறு தடதடவென்று போனது. முள் அசையவில்லை. மாமனாரின் குரல் தெள்ளத்தெளிவாக, சுருதியை விட்டு நன்றாகக் கீழே இறங்கி, வரி முழுக்க ஒலித்தது.

மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மாமனார் எழுந்து வந்து முள்ளைத் தூக்கி வைத்தார்.

“மாப்ள, அந்த ஒரு ரூபா எங்க?”

“எதுக்கு மாமா?”

“திரும்ப ஒட்டுங்க.”