விளம்பரத்திலிருந்து நான் எடுத்த ஒரு வரி

இது நடந்து இரண்டு வருஷம் இருக்கும். தீபாவளிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்த சமயம். கர்நாடகத்துக் கோலார் தங்க வயலில், சாம்பியன் ரீப்ஸ் என்ற பழைய சுரங்கத்துப் பக்கம் எங்கள் வீடு. கணவர் விடியற்காலை ரயிலில் பெங்களூரு வேலைக்குப் போய்விடுவார். நானும் பல வருஷம் அதே ரயிலில் போய் வந்தவள்தான். முதுகுவலி வந்து வேலையை விட்ட பிறகு, ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டு, வீட்டிலேயே சோப்பும் முகத்துக்குப் போடும் பொடியும் செய்து விற்க ஆரம்பித்தேன்.

பொடிதான் நன்றாகப் போனது. பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், வேப்பிலை, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் நானே காயவைத்து, அரைத்து, மெல்லிய துணியில் சலித்து எடுப்பேன். ஆனால் எத்தனை நாளைக்கு அக்கம்பக்கத்தாரையே நம்பியிருப்பது? சமூக வலைத்தளத்தில் விளம்பரம் கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன்.

எப்படிச் செய்வதென்று வீடியோக்கள் பார்த்தேன். எல்லோரும் சொன்னது ஒன்றுதான். ஒரே நேரத்தில் இரண்டு விளம்பரங்களை ஓடவிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான் இருக்க வேண்டும். எதற்கு ஆட்கள் அதிகம் வருகிறார்களோ அதை வைத்துக்கொண்டு மற்றதை நிறுத்திவிட வேண்டும். எனக்கு அது ஒரு விளையாட்டைப் போலப் பிடித்துப்போனது. டப்பாவின் படமா, பொடி குழைத்த கிண்ணத்தின் படமா? கிண்ணம் ஜெயித்தது. தமிழா, கன்னடமா? எங்கள் ஊரில் தமிழ், கோலாரில் கன்னடம். காலையில் டீ கொதிப்பதற்குள் போனை எடுத்து, எது முந்துகிறது என்று பார்த்துவிடுவேன்.

அப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்து கடைசி வரியில் கை வைத்தேன். “முதலில் முழங்கையின் உட்பக்கம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு முகத்தில் போடவும்.” பயிற்சி வகுப்பில் எங்கள் ஆசிரியை கண்டிப்பாகப் போடச் சொன்ன வரி அது. அந்த வரியோடு ஒரு விளம்பரம், அது இல்லாமல் ஒன்று. ஒரு வாரம் ஓடவிட்டேன். வரி இல்லாததற்கு ஏகப்பட்ட பேர் வந்தார்கள். படிக்கிறவர்களை அந்த வரி பயமுறுத்துகிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். புது லேபிள் அச்சடித்தபோது அதிலிருந்தும் எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக, ‘முழுக்க முழுக்க இயற்கையானது’ என்று பெரிய எழுத்தில் போட்டேன்.

பத்து நாள் கழித்து, கோலாரிலிருந்து ஒரு பெண் குரல் பதிவு அனுப்பியிருந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டர். அவருடைய அம்மா எங்கள் ஊர்க்காரர் என்பதால் நன்றாகவே தமிழ் பேசுவார். பொடி வாங்கியபோது, “வெயிலு, தூசு, மூஞ்சி கருத்துப்போச்சுக்கா” என்று சிரித்துக்கொண்டே சொன்னவர். இப்போது குரல் தயங்கியது.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. உங்க பொடி போட்டதுலேருந்து மூஞ்சி எரியுது. ஸ்வல்ப, கொஞ்சம் வீங்கியும் கீது. இன்னா பண்றதுன்னு தெரியல.”

கூடவே ஒரு போட்டோ. கன்னம் முழுக்கச் செவசெவ என்று தடித்திருந்தது. கண் இமைகள் வீங்கி, கண்ணே கீறல் போல இருந்தது.

அதற்கு நான் என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? “எங்க பொடியில எந்த கெமிக்கலும் இல்லீங்க. நீங்க வேற ஏதாச்சும் கிரீம் போட்டிருப்பீங்க.” இதை எழுத எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

“இருக்கலாம்க்கா” என்று மட்டும் அவர் பதில் போட்டார். அப்புறம் ஒன்றும் வரவில்லை. திட்டியிருந்தால்கூட நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். அந்த ‘இருக்கலாம்க்கா’ என்னை ஒரு வேலையும் செய்யவிடவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. போட்டோவைக் கணவரிடம் காட்டினேன். நான் அனுப்பிய பதிலையும் அவர் படித்தார்.

“இன்னா இது? போன்லயே பேசி முடிக்கிற விசயமா?” என்றார். “கெளம்பு, நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துரலாம்.”

கோலார் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனில் என் விளம்பரப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அந்தப் பெண் அந்தப் போட்டோவைப் போட்டு ஏதாவது எழுதிவிட்டாரா என்று. அவருடைய முகத்துக்காகப் போகிறேனா, என் பெயருக்காகப் போகிறேனா? இன்றைக்கும் அதற்கு என்னால் நேர்மையாக ஒரு பதில் சொல்ல முடியவில்லை.

பொடி அனுப்பிய முகவரியை வைத்து வீட்டைக் கண்டுபிடித்தோம். துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு அவரே கதவைத் திறந்தார். யாரென்று சொன்னதும், “ஐயோ, இவ்ளோ தூரம் ஏன்க்கா வந்தீங்க?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டாராம். பொடியில் இருக்கும் ஏதோ ஒன்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும், இன்னும் கொஞ்சம் கண்ணுக்குள் போயிருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றும் டாக்டர் சொன்னாராம். பண்டிகை நெருங்கும் நேரத்தில் லீவு கிடைப்பதே கஷ்டம். கெஞ்சிக் கேட்டு நாலு நாள் லீவு வாங்கியிருந்தார்.

“வேற எந்த கிரீமும் போடலக்கா நானு” என்றார் மெதுவாக. “கையில போட்டுப் பாத்துட்டு மூஞ்சில போடுங்கன்னு எங்கயாச்சும் எழுதி இருந்துச்சோ, நான்தான் படிக்கலியோன்னு உங்க விளம்பரத்த மூணு தடவ பாத்தேன். டப்பாவயும் திருப்பித் திருப்பிப் பாத்தேன்.”

எரிகிற முகத்தோடு உட்கார்ந்து, அந்தப் பெண் தன் தப்பைத் தேடியிருக்கிறார்.

“இருந்துச்சும்மா. நான்தான் எடுத்துட்டேன்” என்றேன்.

“ஏன்க்கா?”

“அந்த வரி இருந்தா ஆளுங்க கம்மியா வந்தாங்க.”

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கும் இது அப்போதுதான் தெரியவந்தது.

அந்தப் பெண் துப்பட்டாவை விலக்கி என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: “படியில நிக்காதீங்கன்னு நானு டெய்லி கத்துறேன். எல்லாரும் என்னயத்தான் மொறைக்கிறாங்க. மொறைக்கிறாங்கன்னு கத்தாம இருக்க முடியுமாக்கா?”

கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே என்னிடம் கேட்கிற மாதிரிதான் இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். “சரி விடுங்க, காபி குடிங்க” என்றார். ஆனால் ‘பரவாயில்லை’ என்று அவர் சொல்லவில்லை. அதுவும் சரிதான் என்று பட்டது.

திரும்பும் வழியிலேயே விளம்பரத்தை நிறுத்தினேன். வரியை எடுத்த பிறகு பொடி வாங்கிய ஒவ்வொருவருக்கும் நானே போன் போட்டு, நடந்ததைச் சொன்னேன். அதற்கு நாலு நாளானது. சிலர் டப்பாவைத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் நன்றாகத் திட்டினார். பங்காருப்பேட்டையில் ஒரு பெண், “எனக்கும் அரிச்சுது. இயற்கைன்னு போட்டிருந்தீங்களே, அரிக்கிறதுகூட நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்கினேன்” என்றார்.

கண்டக்டரம்மாவுக்கு ஒரு வாரத்தில் முகம் சரியாகிவிட்டது. வாடிய முகமாக இல்லாமல், டியூட்டி உடுப்பில் சிரித்தபடி ஒரு போட்டோ அனுப்பினார். அதற்கப்புறம் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போதும் சோப்பு, பொடி செய்கிறேன். அந்த வரியை டப்பாவின் முன்பக்கமே போட்டிருக்கிறேன். அந்தத் தீபாவளிக்கு எதிர்பார்த்ததில் பாதிகூட விற்கவில்லை. விளம்பரங்களை இரண்டிரண்டாக ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. படத்தை மாற்றுவேன், நிறத்தை மாற்றுவேன். ஆனால் எது முந்துகிறது என்று போனைப் பார்க்கும் ஒவ்வொரு காலையிலும், அந்த எண்களுக்குப் பின்னால் நம்மை நம்பி முகத்தைக் கொடுக்கிற ஒரு ஆள் இருக்கிறார் என்பதை எனக்கு நானே ஒரு தடவை சொல்லிக்கொண்ட பிறகுதான், அடுத்த பொத்தானை அழுத்துகிறேன்.