மூலை வீடு கேட்ட ஜெயராணி

ஜெயராணியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு அபாயம் என்று, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த மூன்று லயங்களைக் காலி பண்ணச் சொன்னார்கள். புது வீட்டுக்கான படிவங்களை எல்லோருக்கும் நிரப்பிக் கொடுத்தது, தோட்டத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் நான்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சனங்கள் வைத்திருந்த மரக்கறித் தோட்டத் துண்டுகளை நிர்வாகம் எடுத்துக்கொண்டது. பதிலுக்கு ரோட்டோரம் ஒரே நிலமாக ஒதுக்கி, வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் என்று பிரித்தது. படிவத்தின் கடைசியில் விசேட கோரிக்கை என்று ஒரு கோடு இருந்தது.

"இதுல என்ன போடட்டும்?" என்று ஜெயராணியிடம் கேட்டேன்.

"பக்கத்து வீட்டுச் சத்தம் காதுல விழக் கூடாது டீச்சர். மூலைல ஒரு வீடு தாங்கன்னு எழுதுங்க."

அவளுடைய ஆசையில் என்ன பிழை? நாற்பத்துமூன்று வருசம் லயத்துக் காம்பரா என்ற ஒற்றை அறையில் இருந்தவள். இரண்டு காம்பராவுக்கு நடுவே உள்ள சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் புருசன் பெண்சாதி சண்டை போட்டால் ஆறு வீடும் கேட்கும், ஏழாவது வீடு வந்து விலக்கும். நானும் சந்தோஷமாக எழுதினேன். மூலை வீடே கிடைத்தது, பக்கத்தில் கொஞ்சம் கூடுதல் நிலத்தோடு. பால் காய்ச்சிய அன்று அவள் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே!

ஒரு கிழமைதான். அதன் பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அவள் புருசன் மூக்கையா ஏழு வருசத்துக்கு முன் மரத்தில் ஏறிக் கிளை வெட்டும்போது விழுந்தவர். தலையில் அடி. அன்றிலிருந்து வலிப்பு. மகள் சர்மிளா பல்லேகலயில் வேலை, மாசம் ஒரு முறைதான் வருவாள். லயத்தில் இருந்தபோது மூக்கையா விழுகிற சத்தம் பக்கத்துக் காம்பரா நிரோஷினிக்குக் கேட்கும். கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவள், ஓடிவந்து அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பாள். இப்போது அவள் வீடு முதல் வரிசையில், இவர்கள் வீடு கடைசி மூலையில். இடையில் பதினான்கு வீடுகள், எல்லாம் தனித்தனிச் சுவர்.

ஜெயராணியின் கை கொழுந்தில், கண் பள்ளத்தில் தெரியும் தன் வீட்டுக் கூரையில். பத்து மணிக்குக் கூடையை இறக்கிவிட்டு ஓடி வருவாள், மூச்சு வாங்கப் பார்த்துவிட்டு மறுபடி மலை ஏறுவாள். கங்காணி கத்தித் தீர்த்தார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

கடைசியில் என்னிடம்தான் வந்தாள். நிரோஷினிக்கு அடுத்த வீட்டு அஜந்தன் வீட்டை மாற்றிக்கொள்ளச் சம்மதித்துவிட்டான். கூடுதல் நிலம் கிடைக்கிறதென்றால் யாருக்குக் கசக்கும்? மறுபடியும் நான்தான் கடிதம் எழுதினேன். வீடு இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் மூக்கையாவும் கையெழுத்துப் போட வேண்டும். புத்தியில்லாமல் நானும் கூடப் போனேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"விழுறது நான்தானே புள்ள. என்னைய ஒரு வார்த்த கேட்டியா?"

"உங்க உசுருக்காகத்தானே இப்படி அலையுறேன்!"

"லயத்துல நான் விழுந்தா எல்லாரும் வந்து நிப்பாங்க. கண்ணத் தொறந்தா தலைக்கு மேல இருவது மூஞ்சி. நான் மூத்திரம் போயி இடுப்புச் சாரத்த நனைச்சுக்கிட்டுக் கெடப்பேன். சின்னப் புள்ளைங்க பாத்துட்டுச் சிரிக்கும். இங்க வந்த பொறகு மூணு தடவ விழுந்துட்டேன். நானே எந்திரிச்சு, நானே அலசிப் போட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது."

ஜெயராணியின் முகம் வெளுத்தது. "எனக்குமா தெரியக் கூடாது?"

அவர் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

"எப்ப விழுந்தீங்க? சொல்லுங்க!"

"போன செவ்வாக்கெழம. நீ ஓடி வந்து, நல்ல சாரத்த எதுக்கு வீட்டுல கட்டியிருக்கீங்கன்னு ஏசுனியே, அன்னைக்கு."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கடிதத்தை மடித்து என் கையில் திணித்தாள்.

"இது வேணாம் டீச்சர்."

பிறகு அவர் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் குறையவில்லை.

"இனிமே நீங்க அலச வேணாம். கழட்டி வாளியில போட்டு வைங்க. நான் வந்து அலசுறேன். வாய் தொறந்து ஒண்ணும் சொல்ல வேணாம், நானும் கேக்க மாட்டேன்."

மூக்கையா தலையாட்டினார்.

இப்போதும் பத்து மணிக்கு ஜெயராணி மலையிலிருந்து ஓடித்தான் வருகிறாள். புருசன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் குழாயடிக்குப் போய் வாளியைப் பார்க்கிறாள்.